வீட்டு ஜிங்க் பிளேட்டிங் கிட்: ஒரு யெஸ்டியின் நட்டு போல்ட்டுகளோடு எட்டு மாதம்

ஜிங்க், அதாவது துத்தநாகம், பூசச் சொல்லி பிளேட்டிங் பட்டறையில் நான் எடை போட்டுக் கொடுத்தது 1 கிலோ 400 கிராம் நட்டு, போல்ட்டு, வாஷர், சின்னச் சின்ன பட்டைகள். திரும்பி வந்தது பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் என் வண்டியுடையது முழுசாக இல்லை. செயின் கவர் போல்ட்டு இரண்டு காணோம், அதற்குப் பதில் ஏதோ கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடுகிற போல்ட்டு நாலு உள்ளே கிடந்தது. பெரிய பட்டறைகளில் சின்ன உருப்படிகளைத் தனித்தனியாகத் தொங்கவிட மாட்டார்கள். டிரம்முக்குள் எல்லாருடையதையும் கொட்டிச் சுழற்றித்தான் ஜிங்க் ஏற்றுவார்கள். அது அவர்கள் தொழில் முறை, கிலோ கணக்கில் வரும் வேலைக்கு அதுதான் சரி. ஆனால் அப்பா வாங்கிய யெஸ்டி ரோட் கிங் பைக்கை அதன் சொந்த போல்ட்டுகளோடவே எழுப்பி நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அது ஒத்துவராது. யெஸ்டி செய்த மைசூர் ஆலை 1996-ல் மூடியே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சில போல்ட்டுகளுக்குக் கடையில் மாற்றே கிடையாது, மரை ஒத்தாலும் தலையின் வடிவம் ஒத்துவராது. அதனால்தான் வீட்டிலேயே ஜிங்க் பூசிக்கொள்ளும் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பங்குனியில் வாங்கியது, இப்போது ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது, அதனால் தைரியமாக எழுதலாம்.

விலை 4,800 ரூபாய். பெட்டிக்குள் ஐந்து லிட்டர் பக்கெட் ஒன்று, கரைசலுக்கான உப்புப் பொட்டலங்கள் (ஜிங்க் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, போரிக் ஆசிட்), பளபளப்புக்கான பிரைட்னர் பாட்டில், உள்ளங்கை அகல துத்தநாகத் தகடு இரண்டு, முதலைக் கிளிப் வைத்த வயர்கள், ஒரு அடாப்டர், பாசிவேஷன் (பூச்சு வெள்ளையாகப் பூக்காமல் இருக்கக் கடைசியில் முக்குவது) என்று எழுதிய ஒரு பாட்டில், நாலு பக்கத்தில் ஒரு செய்முறைத் தாள். உப்புகளின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்ன அளவில் கரைத்ததும் கரைசல் தெளிவாக வந்தது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 5-க்கும் ஐந்தரைக்கும் நடுவில் காட்டியது, இந்த வகைக் கரைசல் இருக்க வேண்டிய இடமும் அதுதான். தகடுகள் கனமானவை, எட்டு மாதத்தில் பாதிகூடத் தேயவில்லை.

கிட்டில் மட்டமான பொருள் அந்த அடாப்டர்தான்.

சித்திரைத் திருவிழா லீவில் மொட்டை மாடியில் முதல் தடவை போட்டேன். ஃபுட்ரெஸ்ட் போல்ட்டு ஒன்றே ஒன்றைத் தொங்கவிட்டு அடாப்டரைப் போட்டதும் போல்ட்டைச் சுற்றி நுரை பொங்கியது. பத்து நிமிடத்தில் வெளியே எடுத்தால் கரி மாதிரி கறுப்பு, விளிம்புகளில் சொரசொரவென்று மணல் ஒட்டினது போல, நகத்தால் தேய்த்தால் உதிர்கிறது. ஒவ்வொன்றாகப் போட்ட மூன்று போல்ட்டும் அப்படியே. செய்முறைத் தாளில் 'அடாப்டரை இணைக்கவும், 15 நிமிடம் காத்திருக்கவும்' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருடம் பிளேட்டிங் பட்டறையில் தொட்டி பார்த்தவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட அள்ளி விட்டிருக்கய்யா, கருகிப்போச்சு. உருப்படி எம்புட்டு இருக்கோ அம்புட்டுக்குத்தான் கரண்ட்டு. வோல்ட்டப் பாக்காத, ஆம்பியரப் பாரு" என்றார். முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது. ஆம்பியர் எவ்வளவு என்பதை உருப்படியின் மேற்பரப்புதான் தீர்மானிக்கும். இந்தக் கரைசலுக்கு 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பரப்புக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆம்பியர் போதும். 8 எம்.எம். தடிமன், 40 எம்.எம். நீளம் உள்ள போல்ட்டுக்குத் தலையும் சேர்த்து ஏறக்குறைய 15 சதுர சென்டிமீட்டர் வரும். அப்படிப் பத்து போல்ட்டு சேர்ந்தால் 150, அதற்கு இரண்டே கால் ஆம்பியர் வரைக்கும் வைக்கலாம். ஒரே போல்ட்டு என்றால் கால் ஆம்பியருக்குக் கீழே வைக்க வேண்டும், நான் என்னவோ அடாப்டர் தள்ளுகிற மொத்தத்தையும் அந்த ஒரு போல்ட்டின் தலையில் ஏற்றியிருக்கிறேன். அடாப்டரில் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்க வழியே இல்லை. இதை விற்கிறவர்கள் யோசித்திருக்க வேண்டும். அப்புறம் 30 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று தனியாக 3,500 ரூபாய்க்கு வாங்கினேன், கரண்ட்டை ஒரு இடத்தில் நிறுத்திவைக்கிற திருகு உள்ளது. ஆகவே கிட்டின் உண்மையான விலை 8,300 என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.2 கிராம் துத்தநாகம் ஏறும். மேலே சொன்ன அளவில் 25 நிமிடம் விட்டால் 10 மைக்ரான் (ஒரு எம்.எம்.மில் நூறில் ஒரு பங்கு) அளவுக்குப் பூச்சு வரும், நட்டு போல்ட்டுக்கு அது தாராளம். கெட்டியாக இருக்கட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டுவிடாதீர்கள். மரையின் இரண்டு சரிவிலும், இரண்டு பக்கமும் பூச்சு ஏறுவதால் 10 மைக்ரான் பூச்சு மரையின் அளவில் நாலு மடங்காகக் காட்டும், நட்டு பாதியில் இறுகி நின்றுவிடும். எனக்கு இரண்டு நட்டு அப்படி நின்று, மரை வெட்டுகிற டேப் விட்டுத்தான் இறக்கினேன், விட்ட இடத்தில் பூச்சும் போயிற்று.

இனி சுத்தம் செய்வது. கிட் விற்கிறவர் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் என் நேரத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் போனது. சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச ஒருவர் வருவார். துருத்தி வைத்துக் கரியை மூட்டி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் ஈயம் வெள்ளியாக ஓடும். நாங்கள் அந்த இழுப்பைத்தான் வேடிக்கை பார்ப்போம், அதற்கு முன்னால் மணலும் புளியும் போட்டு அவர் அரை மணி நேரம் தேய்த்ததை யாரும் பார்க்க மாட்டோம். ஜிங்க்கும் அதே கதைதான், சுத்தமான இரும்பின் மேல்தான் பிடிக்கும். எண்ணெய்ப் பசை ஒரு விரல் ரேகை அளவு இருந்தாலும் அந்த இடம் உரியும்.

நான் இப்போது செய்கிற வரிசை இது. முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து வயர் பிரஷ்ஷால் கிரீஸ் முழுவதையும் எடுத்துவிடுவேன். பிறகு எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்தால் துரு கறுப்புப் பொடியாகக் கழன்று வரும். குழி விழுந்த போல்ட்டு என்றால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள், துத்தநாகம் குழியை நிரப்பாது, மேலும் கீழும் ஒரே மாதிரி ஏறி அந்தக் குழியை இன்னும் எடுத்துக் காட்டும். முகம் தெரிகிற உருப்படிகளை உப்புத்தாளில் 120, 220, 400 நம்பர் என்று இறக்கிக்கொண்டு வந்து கடைசியில் பஃப் (துணிச் சக்கரத்தில் மெருகு) அடிக்க வேண்டும். எவ்வளவு மினுக்கி உள்ளே விடுகிறோமோ அவ்வளவு மினுக்கமாகத்தான் வெளியே வரும். அதற்கப்புறம் சுடு தண்ணீரில் காஸ்டிக் சோடா போட்டு பத்து நிமிடம். இங்கே ஒரு எச்சரிக்கை, அலுமினியத்தை இதற்குள் போடவே கூடாது, அது பொங்கிக் கரைந்துவிடும். கார்புரேட்டர் பாகம் எதையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். காஸ்டிக்கிலிருந்து எடுத்துக் கழுவியதும் தண்ணீர் உருப்படியின் மேல் ஒரே படலமாகப் படிந்து நிற்க வேண்டும், தாமரை இலை மாதிரி முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பக் காஸ்டிக்குக்குப் போக வேண்டியதுதான். இந்தச் சோதனை தேறிய பிறகு நீர்த்த ஆசிட்டில் அரை நிமிடம் முக்கி, கழுவி, காயவிடாமல் நேராகக் கரைசலுக்குள். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத துரு உடனே வந்துவிடும்.

ஆசிட் பற்றி இரண்டு வார்த்தை. தெருவில் வண்டியில் விற்கிற பாத்ரூம் ஆசிட்டே போதும், ஆனால் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் கையுறையும் கட்டாயம். அந்தப் பாட்டிலை ஸ்பானர் வைக்கிற அறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மூடியிருந்தாலும் அதன் புகை கசிந்து இரும்பையெல்லாம் தின்னும். ஒரே வாரத்தில் என்னுடைய ரிங் ஸ்பானர் செட் முழுக்கச் செம்மண் நிறமாகிவிட்டது, அப்பா காலத்து செட் அது, மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம் உண்டு, இவையும் செய்முறைத் தாளில் இல்லை. ஒன்று தண்ணீர். எங்கள் திருநகர் வீட்டு போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைக் கறை படிகிற உப்புத் தண்ணீர். கரைசலுக்கு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர்தான் பயன்படுத்தினேன். ஆனால் கழுவுவதற்கு போர் தண்ணீரையே விட்டதில், காய்ந்ததும் ஒவ்வொரு போல்ட்டிலும் சொட்டுச் சொட்டாக வெள்ளைப் புள்ளி. கடைசிக் கழுவலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவது வெயில். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் மதியம் பக்கெட் கை வைக்க முடியாத சூடாகி, கண்ணாடி போல இருந்த கரைசல் மோர் மாதிரி கலங்கிவிட்டது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்தேன். சாயங்காலம் ஆறியதும் தெளிந்துவிட்டது. பிரைட்னர் சூட்டில் கரையாமல் பிரிந்து நிற்பதால் வருகிற கலங்கல் அது, அந்த நிலையில் பூசினால் மங்கலாகவும் திட்டுத் திட்டாகவும்தான் வரும். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

உருப்படியைத் தொங்கவிட மெல்லிய செம்புக் கம்பி, கம்பி தொடுகிற இடம் பூசாமல் விட்டுப்போகும், அதனால் நடுவில் ஒரு தடவை எடுத்து இடம் மாற்றிக் கட்டுங்கள். பிளஸ் துத்தநாகத் தகட்டுக்கு, மைனஸ் உருப்படிக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் போல்ட்டு கரைய ஆரம்பிக்கும். தகடு இரண்டையும் இரண்டு பக்கம் வைத்து நடுவில் உருப்படி இருக்க வேண்டும், ஏனென்றால் தகட்டைப் பார்த்த முகத்தில்தான் பூச்சு கூடுதலாக ஏறும். குழாய் மாதிரியான உருப்படிகளின் உட்புறம் கிட்டத்தட்ட ஒன்றுமே ஏறாது, அங்கே கிரீஸ்தான் காவல். ஒரு வாஷர் கழன்று பக்கெட் அடியில் விழுந்து ராத்திரி முழுக்கக் கிடந்துவிட்டால் இரும்பு கரைசலில் கலந்து, அடுத்தடுத்த உருப்படிகள் பாசிவேஷன் செய்ததும் கறுத்துப்போகும். அந்தப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது, மருந்துக் கடையில் புண் கழுவ விற்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விட்டுக் கலக்கினால் இரும்பு செம்மண் வண்டலாகப் பிரிந்து இறங்கும், வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டால் கரைசல் பழையபடி.

பாசிவேஷன் பாட்டில் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். ஜிங்க் பூசிவிட்டு அப்படியே விட்டால் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், அதைத் தடுக்கத்தான் கடைசியாக குரோமேட் கரைசலில் முக்குவது. அதில் இரண்டு ஜாதி உண்டு. பழைய மஞ்சள் குரோமேட் ஹெக்சாவேலன்ட் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் சாமான். ட்ரைவேலன்ட் என்பது அந்த அளவுக்கு ஆபத்து இல்லாதது. பெட்டியில் வந்த பாட்டிலில் இது எந்த ஜாதி என்று ஒரு எழுத்துகூட இல்லை. வீட்டில் குழந்தைகள் ஓடுகிற இடத்துக்கு இப்படிப் பெயர் இல்லாத பாட்டிலை அனுப்பலாமா? மூன்று தடவை கேட்டும் விற்றவர்களிடமிருந்து பதில் வரவில்லை. அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை, ட்ரைவேலன்ட் என்று தெளிவாக எழுதியதை வேறு இடத்தில் வாங்கினேன். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் முக்கினால் லேசான நீலச் சாயை வரும், கழுவி நிழலில் காயவிட்டு ஒரு நாள் தொடாமல் வைத்தேன். பாசிவேஷன் செய்ததும் செய்யாததுமாக ஐந்தைந்து போல்ட்டுகளை ஐப்பசி மழையில் மாடிச் சுவரில் வைத்துப் பார்த்தேன். செய்யாதவை இரண்டு வாரத்துக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயின, செய்தவை மாதக் கடைசியிலும் வைத்தபடியே இருந்தன.

எதற்குப் பூசக் கூடாது என்பதைத்தான் இந்தச் செய்முறைத் தாள் முதல் வரியிலேயே போட்டிருக்க வேண்டும். ஆசிட்டில் முக்கும்போதும் கரண்ட் ஓடும்போதும் வருகிற ஹைட்ரஜன் இரும்புக்குள்ளேயும் போகும். சாதா போல்ட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தலையில் 10.9, 12.9 என்று அச்சடித்த கடினமான போல்ட்டு, ஸ்பிரிங், இவையெல்லாம் ஹைட்ரஜன் ஏறினால் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்து, முறுக்கி வைத்த பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூட்டில் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும், ஆலைகளில் அதற்கு அடுப்பே இருக்கிறது. வீட்டில் அது நடக்காது, சமையல் ஓவனை அதற்கு எடுக்கவும் கூடாது. ஆகவே ஆக்ஸில், பிரேக் சம்பந்தப்பட்ட எதுவும், ஸ்டாண்டு ஸ்பிரிங், ஸ்போக்ஸ் கம்பி, இவற்றை நான் தொடவில்லை. ஸ்போக்ஸ் புது செட்டே போட்டேன். உங்களிடம் பழைய பிரிட்டிஷ் வண்டி இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், அதன் போல்ட்டுகளில் கேட்மியம் பூச்சு இருக்க வாய்ப்பு அதிகம். கேட்மியம் விஷம், அதை உலர உலரத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம்.

சைலன்சருக்கும் ரிம்முக்கும் இதே மாதிரி வீட்டிலேயே குரோம் பண்ணலாமா என்று கேட்காத நண்பர் இல்லை. ரோட் கிங்குக்கு இரண்டு பக்கமும் சைலன்சர், ஆசை எனக்கும் இருந்தது. குரோம் தொட்டி என்பது ஹெக்சாவேலன்ட் குரோமிக் ஆசிட், அதன் ஆவி நெஞ்சுக்குள் போகக் கூடாதது, மொட்டை மாடியில் செய்கிற வேலையே இல்லை. பழைய குரோமைக் கரண்ட் மாற்றிக் கொடுத்து உரிப்பதும் அதே விஷத்தைத்தான் தண்ணீரில் இறக்கும். துரு எடுக்க எவர்சில்வர் தகட்டைப் பிளஸ்ஸில் மாட்டுகிறார்களே, அதிலும் இதே ஆபத்து. தவிர, சைலன்சரில் நாம் பார்க்கிற பளபளப்பைத் தாங்கி நிற்பது அடியில் இருக்கிற நிக்கல், மேலே உள்ள குரோம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது. பஃப் அடிப்பதிலும் நிக்கலிலும் கை வைத்துச் சுருக்கினால் ஒரே மழையில் ஊசிமுனைத் துரு கிளம்பிவிடும். அது பட்டறைக்காரர் வேலை. சைலன்சர் தொலையாது, தைரியமாகக் கொடுக்கலாம்.

கழிவைப் பற்றிப் பெரியவர் ரொம்பக் கண்டிப்பாகச் சொன்னார், "வாய்க்கால்ல ஊத்திராதய்யா, கடைசில வைகைக்குத்தான் போகும்." கழுவிய தண்ணீரைத் தனி டிரம்மில் சேர்த்து, சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு பி.எச். 9 வரை ஏற்றினால் துத்தநாகம் வெள்ளை வண்டலாக அடியில் இறங்கும், வடிகட்டி வண்டலைக் காயவைத்து மூடி வைத்திருக்கிறேன். சில கிட்டுகளில் பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம், வருகிறது. அதுவும் நன்றாகப் பூசும், ஆனால் அம்மோனியா துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு இப்படி வண்டலாக இறங்க விடாது. அதனால் வாங்குவதற்கு முன் உப்பு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை 140 உருப்படி போல முடித்திருக்கிறேன். ஆரம்பத்தில் கருகியதையும் உரிந்ததையும் ஆசிட்டில் கழற்றி மறுபடி பூசியது போக, இப்போது பத்துக்கு ஒன்பது முதல் தடவையே சரியாக வருகிறது. செயின் கவர், மட்கார்டு பட்டைகள், பேட்டரிப் பெட்டி கிளாம்பு எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன, ஒவ்வொரு போல்ட்டும் தான் கழன்ற ஓட்டைக்கே திரும்பிப் போயிருக்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். உப்புக்கும் தகட்டுக்கும் முழு மதிப்பெண், அடாப்டருக்கு ஒன்று, பெயர் எழுதாத பாட்டிலுக்கு ஒன்று என்று இரண்டு நட்சத்திரம் கழித்தாயிற்று. அடாப்டர் இல்லாமல் உப்பும் தகடும் மட்டும் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், மிச்சப்படும் பணத்தை நல்ல பவர் சப்ளையில் போடலாம். பிரைட்னரைத் தாளில் சொன்ன அளவில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். கூடினால் பூச்சு கண்ணாடி போல மின்னும், ஆனால் ஸ்பானர் வைத்ததும் சில்லுச் சில்லாகப் பெயரும்.